இலையுதிர்கால வெப்ப அலை, கரையில் மூடுபனி: கெடாவிலும் அப்படியா?

கோலகெட்டில்_வாசி

மலேசியாவில் நம் கெடா மாநிலத்து வாட்சாப்பில் சுற்றும் செய்தி ஒன்று. கலிபோர்னியாவில் இலையுதிர்காலத்தில் உள்நாடு 40 டிகிரியில் வேகும், அதே நேரம் கடற்கரை 14 டிகிரியில் மூடுபனிக்குள் கிடக்கும் என்கிறது. இதுவரை சரி என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த வரி: "நம்ம கெடாவும் அப்படித்தான். பாலிங்கில் வெப்ப அலை அடிக்கும்போது தஞ்சோங் டாவாயில் காலையில் தெரியும் வெள்ளைப் படலம் கடல் பனி. உடம்புக்குக் குளிர்ச்சி, பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள்."

தோட்டத்தில் காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்திலும் இதை யாரோ பிரிண்ட் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அந்த வெள்ளை உண்மையில் என்ன? நமக்கும் அவர்களுக்கும் ஒரே காரணம்தானா? தெரிந்தவர்கள் விளக்கினால் நல்லது.

ஈரக்குமிழ்

முதல் பாதி சரி. இரண்டாம் பாதியைக் கிழித்துப் போடச் சொல்லுங்கள்.

கலிபோர்னியாக் கரையோரம் ஓடுவது வடக்கிலிருந்து இறங்கும் குளிர் நீரோட்டம். அது போதாதென்று, கரைக்கு இணையாக வீசும் வடமேற்குக் காற்று மேல்தண்ணீரை வெளிக்கடலுக்குத் தள்ளிவிட, அடியாழத்துக் குளிர்ந்த தண்ணீர் அந்த இடத்துக்கு ஏறி வருகிறது. கோடையிலும்கூட கரையோரத் தண்ணீர் 11 முதல் 15 டிகிரிதான். பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று இதன்மேல் தவழும்போது தன் பனிநிலைக்குக் கீழே குளிர்ந்துவிடுகிறது. பனிநிலை என்றால் காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகத் தொடங்கும் வெப்பநிலை. அங்கே பிறப்பதுதான் கடல் மூடுபனி.

மலாக்கா நீரிணையின் தண்ணீர் 28 முதல் 30 டிகிரி. நம் காற்றின் பனிநிலை 23, 24, ரொம்பப் புழுக்கமான நாளில் 25. காற்றைப் பனிநிலைக்குக் கீழே இறக்கும் அளவுக்கு நம் கடலில் குளிர் இல்லை. ஐஸ் காச்சாங் கிண்ணத்தின் வெளிப்பக்கம் வியர்க்கும். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி வியர்க்குமா?

இன்னொரு அடையாளம் மலை ஏறினால் தெரியும். நம் ஜெராய் மலை உச்சி 1,217 மீட்டர். அடிவாரத்தைவிட ஏழெட்டு டிகிரி குளிர்ச்சி. சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே டமால்பைஸ் மலை, சுமார் 780 மீட்டர். வெப்ப அலை நாளில் கடற்கரையில் ஸ்வெட்டர் போட்டு நடுங்குபவர் அந்த மலைமேல் ஏறினால் வியர்த்துப்போவார். பனிப்படலம் சில நூறு மீட்டர் தடிமன்தான். அதன்மேல் சூடான வறண்ட காற்று மூடி போட்டு உட்கார்ந்திருக்கிறது. அந்த மூடி இருப்பதால்தான் பனி மேலே கலைந்து போக முடியாமல் கரையைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது. நம்ம பக்கம் பகலில் அப்படி நிலையான மூடி கிடையாது. காற்று மேலே கிளம்பி மாலை நாலு மணிக்கு இடியாக இறங்கும்.

விரிகுடா_வாசி

நான் இருக்கும் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பக்கத்து விவரம் கொஞ்சம் சேர்க்கிறேன்.

சான் பிரான்சிஸ்கோவுக்கு அதிக வெயில் ஜூலையில் இல்லை. செப்டம்பரும் அக்டோபரும்தான். ஜூன், ஜூலையில் உள்நாட்டுச் சமவெளி சூடாகி அங்கே அழுத்தம் குறையும், கடல் காற்று கோல்டன் கேட் இடைவெளி வழியாகப் பனியை உள்ளே இழுத்துவிடும். செப்டம்பர் பிறந்ததும் கிழக்கே நெவாடா பக்கத்து மேட்டுநிலம் குளிர ஆரம்பிக்கிறது. அங்கே அழுத்தம் கூடுகிறது. காற்று திசை மாறி நிலத்திலிருந்து கடலுக்குப் பாய்கிறது. வடக்கே அதற்கு டியாப்லோ காற்று என்று பெயர், தெற்கே சாண்டா ஆனா. மலையிலிருந்து இறங்கும் வறண்ட காற்று ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் 10 டிகிரி சூடாகும். மேலே 20 டிகிரியில் கிளம்பியது 1,500 மீட்டர் இறங்கினால் 35. வெயிலே தேவையில்லை, இறங்கினாலே சூடு.

அந்தக் காற்று பலமாக இருந்தால் பனியைக் கடலுக்குள் துரத்திவிடும், நகரமே வேகும். 2017 செப்டம்பர் 1 அன்று சான் பிரான்சிஸ்கோவில் 41.1 டிகிரி பதிவானது அப்படித்தான். பலம் குறைவு என்றால் கரையோரம் மெல்லிய பனி தப்பித்துக்கொள்ளும். வாட்சாப் செய்தியில் சொல்வது இந்த இரண்டாவது நிலை. ஹாஃப் மூன் பே 14, லிவர்மோர் 38 என்பது அப்படிப்பட்ட நாளில் சாதாரணம். இரண்டுக்கும் நேர்கோட்டில் சுமார் 60 கிலோமீட்டர்.

வானிலை ஆட்கள் தடுமாறுவதும் இங்கேதான். பனிப்படலம் 150 மீட்டர் தடிமனா 300 மீட்டரா என்பதில் கணினிக் கணிப்பு கொஞ்சம் பிசகினாலும் ஒரு குன்றுக்கு இந்தப் பக்கம் சொன்ன வெப்பநிலை 15 டிகிரி தப்பாகிவிடும்.

ஜெராய்_அடிவாரம்

வரைபடத்தில் அளந்து பார்த்தேன். தஞ்சோங் டாவாயிலிருந்து பாலிங் வரை நேர் கிழக்கே, அதுவும் சுமார் 60 கிலோமீட்டர்தான்! தூரம் ஒன்று, சமாச்சாரம் வேறு. பாலிங் 36 என்றால் தஞ்சோங் டாவாய் 32, 33 இருக்கும். கடல் காற்று கொடுக்கும் சலுகை அவ்வளவுதான்.

ஈரக்குமிழ் அண்ணன் சொன்னதில் ஒரு திருத்தம். நம் கரையில் பனியே கிடையாது என்று படிப்பவர் நினைத்துக்கொள்ளக் கூடாது. பிப்ரவரியில் இரவு மேகம் இல்லாமல் 21, 22 டிகிரிக்கு இறங்கினால் மெர்போக் ஆற்றின்மேல், மூடா ஆற்றின்மேல் விடியற்காலையில் புகை மாதிரி எழும்பும். அது ஆவிப்பனி. சூடான தண்ணீர்மேல் குளிர்ந்த காற்று நிற்பதால் வருவது. கலிபோர்னியாவுக்கு நேர் தலைகீழ். பள்ளமான பால்மரக் (ரப்பர்) காட்டில் தரை குளிர்ந்து வருவது இன்னொரு வகை. இரண்டும் ஒன்பது, ஒன்பதரைக்குள் கரைந்துவிடும்.

ஈரக்குமிழ்

சரிதான், ஏற்றுக்கொள்கிறேன். "கடலிலிருந்து வரும் குளிர்ப்பனி கிடையாது" என்று எழுதியிருக்க வேண்டும்.

கோலகெட்டில்_வாசி

அப்படியானால் பத்து மணிக்கும் கரையாமல் நிற்கும் வெள்ளை?

ஜெராய்_அடிவாரம்

புகைமூட்டம். மலாயில் ஜெரெபு.

பிரித்துப் பார்க்க ஜெராயையே கருவியாக வைத்துக்கொள்ளலாம். சுங்கைப்பட்டாணி நகரிலிருந்து உச்சி நேர்கோட்டில் 16, 17 கிலோமீட்டர். மலை மொத்தமாகத் தெரியவில்லை என்றால் பார்வைத் தூரம் அதற்கும் கீழே. ஆனால் உச்சியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அங்கே எந்நேரமும் மேகம் தொப்பி போட்டிருக்கும். அடிவாரக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். வானிலைக் கணக்கில் பார்வைத் தூரம் 1 கிலோமீட்டருக்குக் குறைந்தால்தான் மூடுபனி. நாம் பார்க்கும் வெள்ளையில் பெரும்பாலும் 3, 4 கிலோமீட்டர் தெரியும்.

அடுத்தது நிறம். மூடுபனிக்குள் சூரியன் வெள்ளித்தட்டு மாதிரி. புகைமூட்டத்தில் தேய்ந்த செம்புக்காசு மாதிரி சிவந்திருக்கும், நேராகவே பார்க்க முடியும் (பார்க்காதீர்கள்). மூக்கையும் நம்பலாம்.

எங்கிருந்து வருகிறது என்பது மாதத்தைப் பொறுத்தது. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்று சுமத்ராவிலிருந்து கொண்டு வரும். பிப்ரவரி, மார்ச்சில் வடக்கே தாய்லாந்து, மியன்மார், லாவோஸ் பக்கத்து எரிப்பு, அத்தோடு உள்ளூர் வைக்கோல் எரிப்பு. காற்று மாசுக் குறியீடு 100 தாண்டினால் "ஆரோக்கியமற்றது", 200 தாண்டினால் "மிகவும் ஆரோக்கியமற்றது", 300-க்கு மேல் "அபாயம்". இதைக் குளிர்ச்சி என்று சொல்லிப் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகச் சொன்னவரை என்ன செய்யலாம்?

மருத்துவமனையில் பார்க்கும் நீல முகக்கவசமும் ஈரத் துணியும் அந்தச் சன்னத் துகளைச் சரியாகத் தடுக்காது. என்95 வேண்டும், முகத்தோடு ஒட்ட வேண்டும். தாடிக்குமேல் போட்டால் ஓரத்தில் ஒழுகும்.

டீச்சர்_அறிவியல்

கண்ணால் பார்ப்பதைவிட உறுதியான வழி ஒன்று இருக்கிறது: இரண்டு வெப்பமானி. சும்மா தொங்குவது உலர்குமிழ், குமிழில் ஈரத்துணி சுற்றியது ஈரக்குமிழ். காலை ஏழரைக்கு இரண்டுக்கும் வித்தியாசம் அரை டிகிரிக்குள் இருந்தால் வெளியே தெரிவது பனி. 2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தும் எதிர்வரிசை மரம் மங்கலாகத் தெரிந்தால் புகை. பனி நிற்க வேண்டுமென்றால் காற்று ஈரத்தில் நிரம்பியிருக்க வேண்டும். புகைக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஈரக்குமிழ் செய்முறை. சாதாரண கண்ணாடி வெப்பமானி இரண்டு, ஒரே கடையில், ஒரே வகை வாங்குங்கள். வாங்கியதும் இரண்டையும் ஒரே வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். ஒன்று 28, மற்றது 29 காட்டினால் அந்த ஒரு டிகிரியைக் குறித்து வைத்துக் கழித்துக்கொள்ளுங்கள். பழைய மல்வேட்டித் துணியில் ஒரு துண்டு போதும். அதைச் சோடா உப்பு போட்டுக் கொதிக்கவைத்துக் கஞ்சிப்பசையும் எண்ணெயும் போக அலச வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் ஏறாது. குமிழை ஒரு சுற்று மட்டும் இறுக்கமாகச் சுற்றி, வால்பகுதியைச் சின்னப் புட்டியில் தொங்கவிடுங்கள். மூன்று சுற்று சுற்றினால் மந்தமாகிவிடும். காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரின் சுண்ணாம்பு ஒரு வாரத்தில் துணியை விறைப்பாக்கிவிடும்.

படிக்கும்போது மூன்று, நாலு நிமிடம் விசிறியால் விசிறுங்கள். விசிறாமல் படித்தால் ஈரக்குமிழ் ஒன்று, ஒன்றரை டிகிரி அதிகம் காட்டும், நாமும் "ஈரம் 75 விழுக்காடு" என்று தப்பாக எழுதிவிடுவோம். புகைமூட்ட நாட்களில் துணி சாம்பல் நிறமாகும். சாம்பல் படிந்தால் அன்றே மாற்றுங்கள்.

கோலகெட்டில்_வாசி

டீச்சர், உலர்குமிழை எங்கே மாட்டுவது? ஆபீஸ் தகரக் கூரைக்கு அடியில் மாட்டியிருப்பது எப்போதும் 39, 40 காட்டுகிறது.

டீச்சர்_அறிவியல்

அது தகரத்தின் வெப்பநிலை, காற்றுடையது இல்லை. கார் டாஷ்போர்டு காட்டும் எண்ணும் அப்படித்தான், தார்ரோட்டுச் சூடு. கைப்பேசி காட்டுவது பெரும்பாலும் கணினிக் கணிப்பு. நம் ஊரில் யாரும் அளந்த எண் இல்லை.

ஸ்டீவன்சன் பெட்டி, அதாவது வெப்பமானியை வெயில் படாமல் வைக்கும் காற்றோட்டமான வெள்ளை மரப்பெட்டி, தச்சரிடம் செய்யச் சொன்னால் செலவு. மலிவு வழி: 20 சென்டிமீட்டர் வெள்ளைப் பூந்தொட்டித் தட்டு எட்டு. மேல் இரண்டைத் தவிர மற்ற ஆறிலும் நடுவில் 7 சென்டிமீட்டர் ஓட்டை. எல்லாவற்றிலும் ஓரமாக மூன்று துளை போட்டு, 6 மில்லிமீட்டர் மரைக்கம்பி மூன்றைச் செருகுங்கள். தட்டுக்கும் தட்டுக்கும் இடையே 2 சென்டிமீட்டர் நீளத்துக்கு அறுத்த பிவிசி குழாய்த்துண்டு. தட்டுகள் கவிழ்ந்த நிலையில் இருக்க வேண்டும், மழை வழிந்துபோக. நடுவில் உண்டாகும் குழிவில் உணரி எந்தத் தட்டையும் தொடாமல் தொங்கட்டும்.

சறுக்கும் இடங்கள்: மெல்லிய தட்டு வெயிலை ஊடுருவ விடும், அதனால் உச்சித் தட்டின்மேல் அலுமினிய டேப் ஒட்டுங்கள். இடைவெளியைக் குறைத்தால் காற்று ஓடாது, உள்ளே புழுங்கி 2 டிகிரி கூடும். மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள், குளவி கூடு கட்டியிருக்கும். மின்னணு உணரி போடுபவர்கள் டிஎச்டி22 வாங்காமல் எஸ்எச்டி31 வாங்குங்கள். நம் ஈரத்தில் முன்னது சில மாதத்தில் 99 விழுக்காட்டில் ஒட்டிக்கொள்ளும்.

மாட்டும் இடம் புல்தரை, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர். பக்கத்துக் கட்டடத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி. கதவு வைத்த மரப்பெட்டி என்றால் புத்தகம் வடக்குப் பார்க்கச் சொல்லும். நம் அட்சரேகையில் ஜூனில் சூரியன் வடக்கே நிற்கும், டிசம்பரில் தெற்கே. அதனால் இரண்டு பக்கமும் கதவு வைத்து, பருவத்துக்கேற்பத் திறப்பது நல்லது.

நிரை_12

34 டிகிரிக்கெல்லாம் இவ்வளவு ஆராய்ச்சியா? கலிபோர்னியாவில் 40, துபாயில் 45-லேயே வேலை நடக்கிறது. நம்ம ஆட்கள் சொகுசாகிவிட்டார்கள்.

ஈரக்குமிழ்

தம்பி, கணக்கு போட்டுப் பார்ப்போம்.

கலிபோர்னியா உள்நாடு: காற்று 40, பனிநிலை 10. ஈரம் சுமார் 17 விழுக்காடு. ஈரக்குமிழ் 21. வியர்வை உடனே காய்கிறது, உடம்பு குளிர்கிறது.

நம் தோட்டம்: காற்று 34, ஈரக்குமிழ் 27. ஈரம் 58 விழுக்காடு. வியர்வை சொட்டுகிறது, காய்வதில்லை. சொட்டும் வியர்வை உப்பைத்தான் கொண்டுபோகும், சூட்டை இல்லை.

உடம்பின் வெப்பச் சுமையைக் காட்ட வேலையிடத்தில் பயன்படுத்தும் டபிள்யூபிஜிடி கணக்கு: ஈரக்குமிழில் 0.7 பங்கு, கருங்கோளத்தில் (வெயில் சூட்டை அளக்க, கறுப்புப் பந்துக்குள் வைத்த வெப்பமானி) 0.2, காற்றில் 0.1. வெயிலில் நம் கோளம் 45 காட்டினால் 18.9 + 9 + 3.4 = 31.3. கலிபோர்னியாக் கோளம் 52 என்றே வையுங்கள்: 14.7 + 10.4 + 4 = 29.1. 40 டிகிரிக்காரனைவிட 34 டிகிரிக்காரனுக்குத்தான் சுமை அதிகம். துபாயில் கோடை மூன்று மாதமும் பகல் 12.30 முதல் 3 மணிவரை வெயில் வேலைக்குச் சட்டப்படி தடை இருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று. மலேசிய வானிலைத் துறையின் எச்சரிக்கை உலர்ந்த வெப்பநிலையை மட்டும் பார்க்கிறது: தொடர்ந்து மூன்று நாள் உச்சம் 35 முதல் 37 என்றால் முதல் நிலை, 37 முதல் 40 இரண்டாம் நிலை, 40-க்கு மேல் மூன்றாம் நிலை. மாவட்ட அளவில் வறட்சியைக் கண்காணிக்க அது சரி. ஆனால் வறண்ட நாளில் 36 டிகிரி, ஈரக்குமிழ் 26, கோளம் 47 என்றால் டபிள்யூபிஜிடி 31.2. மேலே சொன்ன 34 டிகிரி நாளுக்கும் இதுக்கும் உடம்பளவில் வித்தியாசமே இல்லை. 36-க்கு மஞ்சள் நிற எச்சரிக்கை, 34-க்கு ஒன்றுமில்லை.

டீச்சர்_அறிவியல்

ஒரு சின்ன எச்சரிக்கை. டபிள்யூபிஜிடி கணக்குக்கு வேண்டியது வெயிலிலேயே விசிறாமல் தொங்கும் ஈரக்குமிழ். நான் மேலே சொன்ன விசிறிய அளவு ஈரப்பதம் கண்டுபிடிக்க. இரண்டையும் குழப்பினால் விடை ஏறக்குறைய ஒரு டிகிரி குறைவாக வரும், அதாவது ஆபத்தான பக்கம் தப்பாகும்.

கருங்கோளம் வாங்க வசதி இல்லையென்றால் பழைய தண்ணீர்த்தொட்டியின் செம்பு மிதவைப் பந்தைக் கழற்றி, பளபளப்பில்லாத கறுப்புச் சாயம் அடித்து, நடுவரை வெப்பமானியைச் செருகி, ஓட்டையை அடைத்துவிடுங்கள். முறையான கோளம் 15 சென்டிமீட்டர். மிதவைப் பந்து சிறிசு, அதனால் கொஞ்சம் குறைத்துக் காட்டும். எண் நிலைக்க இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும்.

பழைய_கிராணி

இலையுதிர்காலம் என்று தலைப்பைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. நமக்கும் ஒன்று உண்டே! பால்மரம் இலை உதிர்ப்பது பிப்ரவரி, மார்ச். வட கெடாவில் கொஞ்சம் முன்னாலேயே. வருடத்தின் மிகக் காய்ந்த, சூடான மாதங்களும் அவைதான். பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானது 1998 ஏப்ரல் 9. இலையுதிர்கால வெப்ப அலை என்ற பெயர் கலிபோர்னியாவைவிட நமக்குத்தான் பொருந்தும்.

ஈரக்குமிழ் அண்ணன் சொன்ன கணக்கில் அந்த 0.2 பங்கைக் கவனியுங்கள். இலை மூடிய காட்டில் கருங்கோளம் காற்றோடு ஒட்டி 36-ல் நிற்கும். அதே நிரை மொட்டையாக நிற்கும்போது 47. வித்தியாசம் 11, அதில் ஐந்தில் ஒன்று 2.2. காற்றின் சூடு அப்படியே இருக்க, நிழல் போனதற்கு மட்டும் அவ்வளவு ஏறுகிறது. "காட்டுக்குள்ளே வெயில் தெரியாது" என்ற பழைய பேச்சு இந்த இரண்டு மாதத்துக்குச் செல்லாது.

வெட்டு நேரமும் இதோடு சேர்ந்தது. விடியுமுன் பால்குழாய்களின் உள்ளழுத்தம் 10 முதல் 15 வளிமண்டலம் வரை இருக்கும். சூரியன் ஏறி இலை தண்ணீரை இழுக்கத் தொடங்கியதும் அது சரியும். வெட்டிய கோட்டில் பால் சீக்கிரம் உறைந்து நிற்கும். வறண்ட மாதத்தில் எட்டு மணிக்கு வெட்டும் கடைசி மரங்களில் மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணம்) அடிப்பகுதிகூட நிறையாது. இலை முழுக்க உதிர்ந்து துளிர் வரும் மூன்று, நாலு வாரம் மரத்துக்கு ஓய்வு கொடுப்பதுதான் முறை. அப்போது வெட்டினால் துளிருக்குப் போக வேண்டிய சத்தை நாம் மங்கில் வாங்குகிறோம்.

பாலாக விற்பவர்களுக்கு மட்டும்: சூட்டில் வாளியிலேயே திரிந்துவிடும். லிட்டருக்கு 10 விழுக்காட்டு அமோனியாக் கரைசல் 5 மில்லி, அதாவது 0.05 விழுக்காடு. அதிகம் ஊற்றினால் பிறகு உறைய வைக்க அமிலம் கூடுதலாகச் செலவாகும். கட்டிப்பாலாக விற்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

பனியைப் பற்றியும் ஒன்று. துளிர் செம்பு நிறத்தில் இருக்கும் சமயம் காலைப்பனி தொடர்ந்து விழுந்தால் சாம்பல் நோய் பிடிக்கும். இலையின் அடியில் வெள்ளை மாவு, பிறகு இளந்தளிர் மொத்தமாகக் கொட்டி இரண்டாவது முறை மொட்டை. கந்தகத் தூள்தான் மருந்து. இந்திய ரப்பர் வாரியத்தின் பரிந்துரை ஹெக்டேருக்கு ஒரு சுற்றுக்கு 11 முதல் 14 கிலோ, மூன்று முதல் ஐந்து சுற்று. இலையில் பனி ஒட்டியிருக்கும் விடியற்காலையில் அடித்தால்தான் தூள் பிடிக்கும். காற்று கிளம்பிய பிறகு அடித்தால் பக்கத்துத் தோட்டத்துக்கு இலவச மருந்து. கந்தகத் தூளில் தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும், இயந்திரத்துக்குப் பக்கத்தில் சிகரெட் கூடாது.

விரிகுடா_வாசி

கிராணி ஐயா தீயைத் தொட்டதால் ஒரு வார்த்தை. இங்கே இலையுதிர்கால வெப்ப அலையில் ஜனங்கள் சூட்டைவிடப் பயப்படுவது அந்தக் கிழக்குக் காற்றுக்குத்தான். 1991 அக்டோபரில் ஓக்லண்ட் குன்றுகள், 2017 அக்டோபரில் சாண்டா ரோசா பக்கம், இரண்டும் அந்தக் காற்றில் எரிந்தவை. உதிர்ந்த இலைச் சருகு முழங்கால்வரை கிடக்கும் பால்மரக் காட்டுக்கும் தீத்தடுப்புக் கோடு அவசியம் அல்லவா?

பழைய_கிராணி

கட்டாயம். சாலை ஓரமும் லயத்து ஓரமும் 3, 4 மீட்டருக்குச் சருகைக் கூட்டி உள்ளே தள்ள வேண்டும். கூட்டியதைக் கொளுத்தக் கூடாது. 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டம் 29ஏ பிரிவு திறந்தவெளி எரிப்பைத் தடுக்கிறது. மேலும் பாதித் தீ அப்படிக் கொளுத்தியதில்தான் தொடங்குகிறது.

குலைவெட்டு

செம்பனை (எண்ணெய்ப்பனை) பக்கத்திலிருந்து வேலை அட்டவணை பற்றி மட்டும்.

"பகல் 11 முதல் 3 வரை வெயிலில் நிற்காதே" என்ற அறிவுரை நம் கடிகாரத்துக்குப் பொருந்தாது. 1982 ஜனவரி 1-இல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். கெடாவில் பிப்ரவரியில் சூரியன் உச்சிக்கு வருவதே ஏறக்குறைய ஒன்றரை மணிக்கு. உச்ச வெப்பம் 3 முதல் 4. ஆகவே நிறுத்த வேண்டியது 12 முதல் 4.30 வரை. மூன்று மணிக்கு ஆட்களைத் திரும்ப இறக்கினால் நேராக உச்ச வெப்பத்துக்குள் இறக்குகிறோம்.

ஏசிஜிஐஎச் என்ற அமெரிக்கத் தொழிலிடச் சுகாதார அமைப்பின் அட்டவணைப்படி பழகிய ஆளுக்கு, மிதமான வேலை என்றால் டபிள்யூபிஜிடி 28 வரை தொடர்ந்து செய்யலாம். 30 தாண்டினால், 31.5 வரை, மணிக்கு 15 நிமிடம் வேலை, 45 நிமிடம் நிழல். உதிரிப்பழம் பொறுக்குவது மிதமான வேலை. உயரமான மரத்தில் குலை வெட்டுவது கனமான வேலை, அதற்கு 30.5-ஐ மீறினால் அந்த 15 நிமிடமும் கிடையாது. நிறுத்த வேண்டியதுதான். ஜேகேகேபி (மலேசியத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை) 2016-இல் வெளியிட்ட வெப்ப அழுத்த வழிகாட்டியும் டபிள்யூபிஜிடி அடிப்படையில்தான் பேசுகிறது. வெறும் வெப்பமானியைக் காட்டி மேனேஜரிடம் வாதாடாமல் இதைக் காட்டுங்கள்.

புது ஆளுக்கு முதல் நாள் முழு வேலையில் ஐந்தில் ஒரு பங்கு, தினமும் இன்னொரு பங்கு கூட்டுங்கள். ஊருக்குப் போய்த் திரும்பிய பழைய ஆளுக்கு 50, 60, 80, 100 விழுக்காடு என்று நாலு நாள். வெப்பத்தில் சுருண்டு விழுபவர்களில் பலர் முதல் வாரத்து ஆட்கள்.

தண்ணீர் 15, 20 நிமிடத்துக்கு ஒரு கப், 240 மில்லி. மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போகக் கூடாது, ரத்தத்து உப்பு நீர்த்துப்போகும். வியர்வை கொட்டினால் லிட்டருக்குச் சர்க்கரை ஆறு தேக்கரண்டி, உப்பு அரை தேக்கரண்டி, இரண்டும் தலைதட்டி. "உப்பு கூடினால் நல்லது" என்று கைப்பிடி போடாதீர்கள், வாந்தி வரும்.

பேச்சு குழறினால், நடை தள்ளாடினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் அது வெப்பத் தாக்கு. வியர்க்கிறதே, அதனால் இல்லை என்று நினைக்காதீர்கள். உழைப்பில் வரும் வகையில் வியர்வை நிற்பதில்லை. 999 கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் பூட்ஸைக் கழற்றி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் இருந்தால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு. தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை உட்கார வைத்துத் தலையைத் தாங்கிப் பிடித்தால் இன்னும் வேகம். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது.

கோலகெட்டில்_வாசி

புகைமூட்டமும் வெப்பமும் சேர்ந்து வந்தால்? ஜன்னலை மூடினால் வேகிறது, திறந்தால் புகை.

ஜெராய்_அடிவாரம்

ஏர்கோன் இல்லாத தகரக் கூரை வீட்டில் பகல் முழுக்க மூடி வைத்தால் சூடு முந்திக்கொள்ளும். குறியீடு 100-ஐச் சுற்றி நின்றால் நான் காற்றுக்குத்தான் ஓட்டு போடுவேன். 200 தாண்டினால் வயசானவர்களையும் ஆஸ்துமாக்காரர்களையும் ஏர்கோன் உள்ள இடத்துக்கு மாற்றுவதைத் தவிர நல்ல வழி இல்லை. காற்றாடி 40 டிகிரிக்குக் கீழே உதவும், அதற்கு மேல் சூட்டைத்தான் உடம்பில் அடிக்கும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நம் வீடுகளுக்குள் அந்த எண் அபூர்வம், தகரத்துக்கு நேர் அடியில் கட்டில் போட்டிருந்தால் தவிர.

நிரை_12

பெரட்டுக் களத்தில் ஒட்டியதை எடுத்தாயிற்று. டீச்சர், காய்ச்சி வடித்த தண்ணீர் இங்கே பார்மசியில் இல்லை. கார் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் போதுமா?

டீச்சர்_அறிவியல்

போதும், அதுவும் வடித்த தண்ணீர்தான். லேபிளைப் பார்த்து வாங்குங்கள். பக்கத்துத் தட்டிலேயே பேட்டரி அமிலமும் அதே மாதிரிப் புட்டியில் நிற்கும். துணியை மட்டும் வாராவாரம் மாற்றுங்கள்.